அளவு ஒன்றே, உள்ளடக்கம் வேறு: சிஎம்பி கட்டளை காட்டும் எண்களை எப்படிப் படிப்பது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை அச்சகம்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் திருமணப் படங்களும் தமிழ், மலையாள அழைப்பிதழ்களும் நோட்டீசுகளும் செய்து கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். கடைக் கணினியில் லினக்ஸ்தான் இருக்கிறது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் லினக்ஸிலேயே நடப்பதால், இங்கே வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அது கைப்பழக்கம். எனக்குத்தான் டெர்மினலில் கட்டளை அடிப்பது புதிது.

பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்த படங்களையெல்லாம் ஒரு பென் டிரைவ் வழியாகப் புதிய டிஸ்குக்கு மாற்றினோம். பொள்ளாச்சியிலிருந்து ஒரு திருமண வீட்டார் பெரிய அளவில் பிரிண்ட் கேட்டபோது புதிய நகலைத் திறந்தால், படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு சரியாகத் தெரிகிறது. அதற்குக் கீழே ஒரு சாம்பல் பட்டை ஓடி, பிறகு படம் இடம்பெயர்ந்து நிறம் மாறிப் போயிருக்கிறது. பழைய டிஸ்கில் உள்ள அதே படம் குறையில்லாமல் திறக்கிறது. இரண்டின் அளவும் 6214833 பைட். கடையில் உள்ள தம்பி சொன்னபடி, இரு கோப்புகளை ஒப்பிடும் சிஎம்பி கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டும் வேறுபடுகின்றன, பைட் 1986561, லைன் 7702 என்று ஒரே வரியில் சொல்லி நின்றுவிட்டது. -எல் சேர்த்துக் கொடுத்தபோது வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. முதல் வரி இது:

1986561 327 0

மூன்றாவது பத்தியில் எல்லா வரியிலும் 0 மட்டுமே இருக்கிறது. கடைசி வரி 2052096 என்று தொடங்குகிறது. மொத்தம் 65012 வரிகள். இந்த எண்களிலிருந்து என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஊர்க் கோயில் திருவிழாவின் நன்கொடையாளர் பட்டியலைத் தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கொடுத்தோம். கமிட்டிக்காரர் அதைத் தம் கணினியில் சரிபார்த்து, எதையும் மாற்றவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அச்சுக்குப் போகும் முன் இரண்டையும் ஒப்பிட்டால், பைட் 6, லைன் 1 என்று வேறுபாடு காட்டுகிறது. அவர் அனுப்பியது 651 பைட் கூடுதலாகவும் இருக்கிறது. முதல் வரியின் முதல் சொல்லே ‘கொழிஞ்சாம்பாறை’ என்பதுதான். இரண்டையும் திரையில் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. கட்டளை தவறாகச் சொல்கிறதா?

பதில்: வாளையார்

ஐயா, வரிகளை எண்ணி முதல் வரியையும் கடைசி வரியையும் எழுதியதால், படத்தைப் பற்றிய கேள்விக்கு வேண்டிய எல்லாத் தரவும் இங்கேயே கிடைத்துவிட்டது. பட்டியலைப் பற்றி வேறு யாரேனும் எழுதட்டும். நான் படத்தோடு நிற்கிறேன்.

சிஎம்பி என்பது 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் பதிப்பிலேயே இருந்த கட்டளை. இன்றைக்கு லினக்ஸில் டிஃப் கட்டளையோடு க்னூ டிஃப்யூட்டில்ஸ் தொகுப்பில் வருகிறது. அதற்குப் படம் தெரியாது, எழுத்தும் தெரியாது. இரு கோப்புகளிலும் முதல் பைட்டை எடுத்து ஒப்பிடும், அடுத்ததை எடுக்கும், பொருந்தாத முதல் இடத்தில் அதைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். பைட்டுகளை 1 முதல் எண்ணுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் அது வரும். லைன் 7702 என்பதைப் படக்கோப்பில் பொருட்படுத்த வேண்டாம். அந்த இடத்துக்கு முன் 10 என்ற மதிப்புள்ள பைட் எத்தனை முறை வந்தது என்பதைக் கொண்டு சொல்வது அது; உரைக்கோப்பில் வரி முடிவைக் குறிக்கும் அந்த மதிப்பு, படத்தில் தற்செயலாக வந்து விழுவது.

-எல் கொடுத்தால் நிற்காமல் கடைசி வரை போய், வேறுபடும் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரி தரும். முதல் பத்தி இடம், நாம் வழக்கமாக எண்ணும் முறையில். அடுத்த இரண்டும் இரு கோப்புகளின் பைட் மதிப்புகள், ஆனால் ஆக்டலில், அதாவது எட்டின் அடிமானத்தில். யூனிக்ஸ் பிறந்த டெக் நிறுவனத்து இயந்திரங்களில் எல்லாமே ஆக்டலில் எழுதப்பட்டதன் மிச்சம் இது. ஒரே வரியில் இரண்டு எண்முறைகளைக் கலந்து வைத்ததை நான் நல்ல வடிவமைப்பு என்று சொல்ல மாட்டேன். உங்கள் 327 என்பது 3×64 + 2×8 + 7, அதாவது 215. பழைய கோப்பில் 215 இருந்த இடத்தில் புதியதில் 0 இருக்கிறது.

இப்போது கணக்கு. 1986561-இல் ஒன்றைக் கழித்து 4096-ஆல் வகுத்தால் மிச்சமின்றி 485 வருகிறது. கோப்பு முறைமைகள் பெரும்பாலும் 4096 பைட் கொண்ட கட்டங்களாகவே டிஸ்கில் இடம் ஒதுக்குகின்றன என்பதால், பழுது ஒரு கட்டத்தின் முதல் பைட்டில் தொடங்குகிறது என்று பொருள். கடைசி எண்ணான 2052096-இலிருந்து 1986560-ஐக் கழித்தால் 65536. அது சரியாக 16 கட்டங்கள். தொடக்கமும் முடிவும் கட்டத்தின் எல்லையிலேயே விழுவது தற்செயலாக இருக்க இயலாது. ஆக, அடுத்தடுத்த 16 கட்டங்கள் உங்கள் புதிய நகலில் முழுக்கச் சுழியமாக இருக்கின்றன.

அப்படியானால் 65536 வரிகள் அல்லவா வர வேண்டும், 65012 ஏன் என்று கேட்பீர்கள். மூலப் படத்திலேயே சுழியமாக இருந்த பைட்டுகள் இரண்டிலும் ஒன்றே என்பதால் அவை பட்டியலில் வரவில்லை. அப்படி 524 இருந்திருக்கின்றன. 65536 பைட்டில் 256-க்கு ஒன்று வீதம் சுழியம் வரும் என்று வைத்தால் 256 தான் கிடைக்கும். ஆனால் உங்கள் படக்கோப்பின் வடிவமான ஜேபெக்கின் தரவில் 255 என்ற மதிப்பு வரும்போதெல்லாம் அதன் பின்னால் ஒரு சுழியம் செருகப்படுவது விதி என்பதால், சுமார் இரு மடங்கு வருவது எதிர்பார்த்ததே. பழைய டிஸ்கில் அந்த இடத்தில் இருப்பது உண்மையான படத்தரவு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பழுதுக்குப் பிறகும் படம் நிறம் மாறிப் போவதற்குக் காரணம், ஜேபெக் ஒவ்வொரு சிறு சதுரத்தின் சராசரி ஒளியளவையும் முந்தைய சதுரத்திலிருந்து எவ்வளவு கூடியது, குறைந்தது என்றே எழுதி வைக்கிறது. இடையில் ஒரு பகுதி போனால், அதற்குப் பின் வரும் கணக்கெல்லாம் தப்பான தொகையிலிருந்து தொடங்கும்.

இந்த வடிவத்துக்கு வழக்கமான காரணம், எழுதி முடியும் முன்பே பென் டிரைவை எடுத்துவிடுவது: பெயரும் அளவும் பதிவாகிவிடும், உள்ளடக்கத்தில் சில கட்டங்கள் போய்ச் சேர்ந்திருக்காது. பென் டிரைவில் அந்தப் படம் இன்னும் இருக்குமானால், அதையும் புதிய டிஸ்கில் உள்ளதையும் சிஎம்பியில் கொடுத்துப் பாருங்கள். கட்டளை ஒன்றுமே பேசாமல் முடிந்தால் இரண்டும் ஒன்று. பழுது முதல் கைமாற்றத்திலேயே ஏற்பட்டுவிட்டது என்று தெரிந்துவிடும்.

வேறு விதமாக வந்திருந்தால் வேறு இடத்தைத் தேட வேண்டியிருக்கும். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில வரிகள் மட்டும் வந்து, அவற்றில் 101-க்கு எதிரே 141 என்பது போல ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருந்தால், டிஸ்கை விட்டுவிட்டு முதலில் கணினியின் ராமை மெம்டெஸ்ட் போட்டுச் சோதிப்பேன். ஓர் இடத்திலிருந்து கடைசி வரை கிட்டத்தட்ட எல்லாப் பைட்டும் வேறுபட்டால், அங்கே ஏதோ கூடுதலாகச் செருகப்பட்டோ விடுபட்டோ போயிருக்கலாம். சிஎம்பி ஒருபோதும் விலகிப்போன வரிசையைச் சேர்த்துப் பார்க்க முயலாது. எத்தனை பைட் விலகியது என்று நமக்குத் தெரிந்தால், -ஐ என்ற தெரிவில் ஒவ்வொரு கோப்பிலும் எவ்வளவு தாண்ட வேண்டும் என்று நாமே சொல்லி அதன் பிறகு ஒப்பிடச் செய்யலாம்.

பதில்: பொள்ளாச்சி ஸ்டுடியோ

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. அங்கே எஃப்சி கட்டளையை /பி தெரிவோடு கொடுத்தால் இதே வேலையைச் செய்யும். ஆனால் இடத்தை 0 முதல் எண்ணும், எல்லாவற்றையும் ஹெக்ஸில், அதாவது பதினாறின் அடிமானத்தில் காட்டும். மேலே உள்ள முதல் வரி அங்கே 001ஈ5000: டி7 00 என்று வரும். இந்தக் கணக்குக்கு அதுவே வசதி, ஏனென்றால் 4096-இன் எல்லையில் விழும் எந்த இடமும் ஹெக்ஸில் மூன்று சுழியத்தில் முடியும். வகுத்துப் பார்க்கத் தேவையில்லை.

பதில்: ஆரியங்காவு

பட்டியலைப் பற்றி நான் எழுதுகிறேன். கட்டளை சரியாகவே சொல்கிறது. அது பார்ப்பதை நம் கண் பார்க்க முடியாது.

யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். ‘கொ’ என்ற எழுத்துக்கு முதலில் ககரம். அது ஆக்டலில் 340 256 225. அடுத்து வரும் ஒகரக் குறியை யூனிகோட் இரண்டு விதமாக எழுத இடம் தருகிறது. ஒற்றைக் குறியாக எழுதினால் 340 257 212. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக எழுதினால் 340 257 206, அதன் பின் 340 256 276. திரையில் எழுத்துரு இரண்டையும் ஒரே வடிவமாகத்தான் வரைந்து காட்டும். முதல் ஐந்து பைட்டும் இரண்டிலும் ஒன்று. ஆறாவதில் 212-க்கு எதிரே 206. பைட் 6, லைன் 1 என்று உங்களுக்கு வந்தது இதுவே என்று நினைக்கிறேன். -எல் போட்டு முதல் வரியை மட்டும் பாருங்கள், தெரிந்துவிடும். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். மலையாளத்திலும் அந்தக் குறிகள் இப்படியே இரு விதமாக எழுதப்படும்.

கமிட்டிக்காரர் எதையும் மாற்றாமலேயே இது நடந்திருக்கலாம். சில தட்டச்சு மென்பொருள்களும், பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் சில கருவிகளும் கொம்பையும் காலையும் பிரித்தே வைக்கின்றன. ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று பைட் கூடும் என்பதால் அளவு வேறுபாடு மூன்றால் வகுபட வேண்டும். உங்கள் 651 வகுபடுகிறது. (கோப்பின் தொடக்கத்திலேயே 357 273 277 என்ற மூன்று பைட் சேர்ந்திருந்தால் வேறுபாடு பைட் 1-இலேயே வந்திருக்கும். விண்டோஸ் வரி முடிவாக இருந்தால் வரிக்கு ஒரு 15 கூடியிருக்கும்.)

யூனிகோட் தரம் இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று சமமானவை என்றே வரையறுத்து, இரண்டையும் ஒற்றைக் குறியாக்கும் என்எஃப்சி என்ற சீராக்க வடிவத்தையும் தந்திருக்கிறது. உபுண்டுவில் ஐசியூ-டெவ்டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் யூகான்வ் என்ற கட்டளை கிடைக்கும். மூலக் கோப்புகளைத் தொடாமல் இப்படி ஒப்பிடலாம்:

சிஎம்பி <(யூகான்வ் -எக்ஸ் என்எஃப்சி கடை.டிஎக்ஸ்டி) <(யூகான்வ் -எக்ஸ் என்எஃப்சி கமிட்டி.டிஎக்ஸ்டி)

கட்டளைகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அச்சகம்

இருவருக்கும் மிக்க நன்றி. வாளையார் அண்ணன் சொன்னபடி பென் டிரைவில் இருந்த படத்தை ஒப்பிட்டேன். கட்டளை ஒன்றும் பேசவில்லை, ஆகவே பழுது பென் டிரைவுக்கு ஏற்றும்போதே வந்திருக்கிறது.

பட்டியலில் முதல் வரி 6 212 206 என்றே வந்தது. சீராக்கிய பிறகு தமிழ்ப் பத்தியில் வேறுபாடு இல்லை, ஆனால் நான்காம் வரியில் மலையாளப் பத்தியில் ஒரு பெயரின் முடிவில் மறுபடியும் வேறுபாடு காட்டுகிறது. கமிட்டிக்காரர் அனுப்பியது இன்னமும் 84 பைட் பெரிது. பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஓடி கட்டளையில் -டி ஓ1 (ஆக்டலில் காட்டு) கொடுத்துப் பார்த்தால், அவருடைய கோப்பில் அந்த இடத்தில் 342 200 215 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. எங்களுடையதில் அவை இல்லை.

பதில்: ஆரியங்காவு

அது சில்லு, அதாவது உயிர் சேராத மெய்யைக் குறிக்கும் தனி மலையாள எழுத்து. ‘ன்’ என்று முடியும் ஆண் பெயர்களில் மலையாளத்தில் சில்லு எழுத்து வருமல்லவா, அதற்கு 2008-இல் வந்த யூனிகோட் 5.1 பதிப்பில்தான் தனிக் குறியீடு கிடைத்தது. அதற்கு முன் மெய்யெழுத்து, சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி என மூன்றையும் சேர்த்து எழுதினார்கள். நீங்கள் கண்ட 342 200 215 அந்த இணைப்புக் குறி. புதிய முறையில் 340 265 273 என்று மூன்று பைட், பழைய முறையில் 340 264 250, 340 265 215, 342 200 215 என்று ஒன்பது பைட். இடத்துக்கு 6 வீதம் 84 பைட் என்றால் 14 இடங்கள். எண்ணிப் பார்த்தால் அத்தனை சில்லுகள் இருக்கும்.

இங்கே என்எஃப்சி உதவாது. தமிழ் ஒகரத்தைப் போலச் சமமானவை என்று இவற்றை யூனிகோட் அறிவிக்கவில்லை. ஆகவே யூனிகோடின் சீராக்க வடிவம் எதுவும் தானாக மாற்றித் தராது. ண, ந, ர, ல, ள, க ஆகிய ஆறு மெய்களுக்கும் பழைய வரிசையைத் தேடிப் புதிய குறியீட்டை இடும் ஆறு மாற்றங்களை, உரையில் தேடி மாற்றும் எஸ்இடி கட்டளையில் எழுதி, அந்த வெளியீட்டை ஒப்பிடுங்கள். எல்லையை ஒட்டி இரு மொழியிலும் அச்சுவேலை செய்பவர்கள் இதை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் பயன்படும்.

கொழிஞ்சாம்பாறை அச்சகம்

செய்தேன். இப்போது அளவு ஒன்றாகிவிட்டது, -எல் கொடுத்தால் ஒரே ஒரு வரி மட்டும் மிஞ்சுகிறது: 60-க்கு எதிரே 61. போய்ப் பார்த்தால், ஒரு வீட்டாரின் நன்கொடை எங்கள் கோப்பில் 1001 ரூபாய், கமிட்டிக் கோப்பில் 1011 ரூபாய். ரசீதைப் பார்த்துச் சொல்வதாகக் கமிட்டிக்காரர் கூறியிருக்கிறார். ஒகரமும் சில்லும் போட்ட கூச்சலில் இந்த ஒற்றைப் பைட் தெரியாமலே அச்சுக்குப் போயிருக்கும்.

படங்களுக்கு வருகிறேன். ஒரு படம் கெட்டிருந்தால் வேறு படங்களும் கெட்டிருக்கலாம் அல்லவா? ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகச் சிஎம்பியில் கொடுக்க முடியாது. பழைய டிஸ்கை அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்த நினைத்திருந்தேன்.

பதில்: செங்கோட்டை

அழிப்பதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். முழுக் கோப்புறைக்கும் டிஃப் கட்டளையை -ஆர்கியூ தெரிவோடு கொடுத்தால் போதும். உட்கோப்புறைகள் வரை இறங்கி, வேறுபடும் கோப்புகளின் பெயரையும், ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பவற்றின் பெயரையும் சொல்லும். அது உள்ளடக்கத்தையே படித்து ஒப்பிடுகிறது. கோப்புறைகளை நகலெடுத்து ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கட்டளை அப்படியல்ல, அது இயல்பாக அளவையும் மாற்றப்பட்ட நேரத்தையும் மட்டுமே பார்க்கும். உங்கள் படத்தில் அளவு ஒன்றாகவே இருந்ததால், நேரமும் ஒத்திருந்தால் எல்லாம் சரி என்று சொல்லித் தாண்டிப் போயிருக்கும். அதை விரும்பினால் -ஏஎன்சி என்று கொடுங்கள்: சி உள்ளடக்கத்தைப் படிக்கச் செய்யும், என் எதையும் மாற்றாமல் பட்டியலை மட்டும் தரச் செய்யும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நகலெடுத்த கையோடு ஒப்பிட்டால், கணினி அந்தக் கோப்பை டிஸ்கிலிருந்து படிக்காமல், சற்று முன் எழுதியபோது ராமில் வைத்துக்கொண்ட நகலிலிருந்தே எடுத்துத் தரலாம். அப்போது சிஎம்பி ஒப்பிடுவது ராமில் உள்ளதை. பென் டிரைவில் உண்மையில் என்ன எழுதப்பட்டது என்பதை அல்ல. ஆகவே நகலெடுத்ததும் பென் டிரைவை முறைப்படி வெளியேற்றி, கழற்றி மறுபடி செருகிய பிறகே ஒப்பிடுங்கள். அந்தப் பென் டிரைவையும் எஃப்3 என்ற கருவியில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மேலே அச்சிட்ட கொள்ளளவு உள்ளே இல்லாத போலிகள் சந்தையில் உண்டு.

பழைய டிஸ்கைப் பிரிவதற்கு முன், அதிலுள்ள எல்லாப் படங்களுக்கும் எஸ்எச்ஏ256சம் கட்டளையால் ஒரு பட்டியல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டுத் தருவது அது. சிஎம்பிக்கு இரு கோப்புகளும் கையில் இருக்க வேண்டும். மூலமே போன பிறகு, இந்தப் பட்டியலை -சி தெரிவோடு கொடுத்துத்தான் நகல் கெட்டதா என்று பார்க்க முடியும்.

தம்பி ஸ்கிரிப்ட் எழுதுவதானால் அவரிடம் ஒன்று சொல்லுங்கள். -எஸ் கொடுத்தால் சிஎம்பி ஒன்றும் அச்சிடாது, முடிவெண்ணை மட்டும் விட்டுச் செல்லும்: ஒன்றாக இருந்தால் 0, வேறுபட்டால் 1, கோப்பைத் திறக்கவோ படிக்கவோ முடியாமற் போனால் 2. சுழியம் அல்லாத எல்லாவற்றையும் ‘வேறுபடுகிறது, மறுபடி நகலெடு’ என்று எழுதிவிட்டால், பழைய டிஸ்கில் படிக்கவே முடியாத ஒரு படத்தைக் கொண்டு புதிய டிஸ்கில் உள்ள நல்ல நகலின் மேல் எழுத அந்த ஸ்கிரிப்ட் கிளம்பும். 2 வரும் கோப்புகளைத் தனிப் பட்டியலாக ஒதுக்கி, அவற்றைக் கையால் பார்க்கச் சொல்லுங்கள்.